புகைக்கு எத்தனை மார்க்?

சாக்லேட், வறுத்த காப்பிக்கொட்டை, பதனிட்ட தோல், தேவதாரு மரம், கருமிளகு, கடைசியில் கொஞ்சம் உலர்திராட்சை.

மளிகைக் கடை லிஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். நிகராகுவா நாட்டில் கையால் சுருட்டிய உயர் ரகச் சுருட்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு விமர்சகர்கள் எழுதும் ருசிக் குறிப்பு இப்படித்தான் இருக்கும். கூடவே நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க். 93, 94, 96... நம் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவில் இப்படி வாங்கினால் தெருவுக்கே லட்டு கொடுப்போம்.

மார்க் போடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1992ல் அமெரிக்காவில் மார்வின் ஷாங்கன் ஆரம்பித்த 'சிகார் அஃபிசியனாடோ' பத்திரிகைதான் இந்தத் துறையின் பெரிய பரீட்சை ஹால். சுருட்டின் மேல் இருக்கும் கம்பெனிப் பட்டையை எடுத்துவிட்டு, வெறும் நம்பர் போட்ட பட்டையை மாட்டிக் கொடுப்பார்கள். யார் தயாரித்தது என்று பிடிப்பவருக்குத் தெரியாது. தோற்றமும் கட்டுமானமும், எரியும் விதம், ருசி, மொத்த அபிப்பிராயம் என்று நாலு தலைப்பில் மார்க். 95ஐத் தொட்டால் 'கிளாசிக்'. 70க்குக் கீழே போனால், காசை வீணாக்காதீர்கள் என்று அர்த்தம்.

ருசியும் கற்பனை இல்லை. எஸ்தெலி பள்ளத்தாக்கின் கரிய எரிமலை மண்ணில் விளையும் இலைக்குக் காரம் அதிகம். ஹோண்டுராஸ் எல்லையோரத்து ஹலாப்பா இலையில் லேசான இனிப்பு. ஒரே செடியிலும் உச்சியில் வெயில் குடித்து வளரும் 'லிஹேரோ' இலை வேறு, அடியில் வளரும் இலை வேறு. காய்ந்த இலைகளை அம்பாரமாக அடுக்கித் தன் சூட்டிலேயே புழுங்க விடுகிறார்கள். அம்மோனியா நெடி வெளியேறுகிறது. உள்சூடு எல்லை மீறினால் பிரித்துப் புரட்டி மறுபடி அடுக்கவேண்டும். மாதக்கணக்கில், சில இலைகளுக்கு வருடக்கணக்கில் இந்த வேலை நடக்கும். இவ்வளவு பாடுபட்டால் ருசி வராமல் போகுமா?

அப்புறம் என்ன சார் உங்க பிரச்னை என்கிறீர்களா?

அந்த ருசிக் குறிப்புகளை முழுசாகப் படித்துப் பாருங்கள். சாக்லேட் இருக்கும். மிளகு இருக்கும். நிகோடின் என்ற வார்த்தை அநேகமாக இருக்காது. 'ஃபுல் பாடி' என்று சுருட்டின் உடம்பைப் பற்றி எழுதுவார்கள். பிடிப்பவரின் உடம்பைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

இது வெறும் எழுத்து நாகரிகம் என்று விட்டுவிட முடியாது. 2016ல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எல்லாச் சுருட்டுகளையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சுருட்டுத் தொழிலின் சங்கங்கள் வழக்குப் போட்டன. இது எப்போதாவது பிடிக்கும் பெரியவர்களின் சமாசாரம், மற்றதோடு சேர்க்காதீர்கள் என்று வாதாடின. 2023ல் வாஷிங்டன் நீதிமன்றம், உயர் ரகச் சுருட்டுக்கு அந்த விதி செல்லாது என்றது. எது உயர் ரகம் என்பதற்கு எட்டு நிபந்தனைகள். அதில் ஒன்று, புகையிலை, தண்ணீர், தாவரப் பசை தவிர உள்ளே வேறு எதுவும் இருக்கக்கூடாது. இன்னொன்று, புகையிலை தவிர வேறு ருசி தூக்கலாக இருக்கக்கூடாது! 2025ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கை உறுதி செய்து, வரையறையை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னது.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? வாடிக்கையாளரிடம் பேசும்போது சாக்லேட், காப்பி, திராட்சை. நீதிபதி முன்னால் நிற்கும்போது, 'சத்தியமா வெறும் புகையிலைதான் எசமான்!'

வெறும் புகையிலைதான். அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. 'நாங்க உள்ளே இழுக்கறதில்லையே' என்பது சுருட்டு ரசிகர்களின் வழக்கமான பதில். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்துக்குப் போய்விடும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரலாம். ஒரு நாளைக்கு சுமார் 20 சுருட்டு பிடித்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923ல் வாயில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 1939ல் செத்துப்போனார். மனித மனத்தையே அலசிய மேதைக்கும் சுருட்டை விட முடியவில்லை.

இது ஒரு விடுபட்ட பாடம். இன்னொன்றும் இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் மனசுக்குள் காஸ்ட் ஷீட் ஓடும். மூலப்பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு, மிச்சம் யாருக்கு? நிகராகுவாவின் நல்ல சுருட்டு ஒன்று அமெரிக்கக் கடையில் 15 டாலர், 20 டாலர், 30 டாலர் என்று விற்கிறது. அதைச் சுருட்டுவது ஜோடி வேலை. ஒருவர் உள் இலைகளைக் கட்டித் தருவார். இன்னொருவர், பெரும்பாலும் பெண், மேல் இலையைச் சுற்றி முடிப்பார். பெரும்பாலும் உருப்படிக் கூலிதான். ஒரு ஜோடி நாளைக்குச் சில நூறு சுருட்டுகளை முடித்தாக வேண்டும். நிகராகுவாவின் குறைந்தபட்சக் கூலி மத்திய அமெரிக்காவிலேயே மிகக் குறைவு.

வயலுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஈரமான புகையிலையைப் பறிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிகோடின் ஏறி, வாந்தியும் தலைசுற்றலும் வரும். மருத்துவத்தில் 'பச்சைப் புகையிலை நோய்' என்றே இதற்குப் பெயர். குழந்தைகளின் உழைப்பில் விளையும் பொருட்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட பட்டியலில் நிகராகுவா புகையிலையும் இடம்பெற்றிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எந்தக் கம்பெனி அப்படி இல்லை என்பதை அந்த நூறு மார்க் எனக்குச் சொல்கிறதா? அதுதான் கேள்வி.

கம்பெனிகளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. 1959 புரட்சிக்குப் பிறகு, 1960ல் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. கியூபாவை விட்டு வெளியேறிய குடும்பங்கள் விதையோடு வந்து சேர்ந்த இடங்களில் நிகராகுவாவும் ஒன்று. 1968ல் எஸ்தெலியில் ஹோயா தே நிகராகுவா தொழிற்சாலை வந்தது. 1978-79ல் சொமோசாவின் படை அதே ஊரின் மேல் குண்டு போட்டது. 1985ல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. அது நீங்க 1990 ஆனது. உண்மையிலேயே பெரிய கதைதான். ஆனால் விளம்பரத்தில் வருவது முதலாளியின் தாத்தா கதை மட்டும். குண்டு விழுந்த ஊரிலேயே இருந்து இலைக்கு நரம்பு உரித்த பெண்ணுக்கும் ஒரு பாட்டி இருந்திருப்பார். அவர் படம் எந்தப் பட்டையிலும் இல்லை.

நமக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'தான். திருச்சி சுருட்டின் புகழ் விக்டோரியா காலத்து லண்டன் வரை போனது. 1887ல் ஷெர்லக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிராப்பள்ளி' என்று கண்டுபிடித்தார். சாம்பலுக்குக்கூட அடையாளம் கிடைத்தது. சுருட்டியவருக்கு?

'அந்தத் தொழில் இல்லேன்னா எஸ்தெலியில பல ஆயிரம் குடும்பம் பட்டினி கிடக்கும்' என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவுக்கு வரும் கைச்சுருட்டில் சுமார் பாதி நிகராகுவாவிலிருந்துதான் வருகிறது. அவ்வளவு கைகளை நம்பி நிற்கும் தொழில், அந்தக் கைகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்று வெளியே சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? 'வயசுக்கு வந்தவன் என்ன பிடிச்சா உனக்கென்ன' என்பார்கள். எனக்கொன்றுமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிப் பேசுபவர்கள் முழுத் தகவலையும் தந்துவிட்டுப் பேச வேண்டும். பாதி வவுச்சரைக் காட்டி முழுக் கணக்குக்குக் கையெழுத்துக் கேட்டால் எந்த ஆடிட்டர் போடுவார்?

நாலு தலைப்பில் மார்க் போடுகிறவர்கள் இன்னும் இரண்டு தலைப்பைச் சேர்க்கட்டும். ஐந்தாவது, சுருட்டியவருக்கும் பறித்தவருக்கும் என்ன கூலி. ஆறாவது, இதில் எத்தனை கிராம் புகையிலை, எவ்வளவு நிகோடின். அதற்குப் பிறகும் 96 வந்தால் கை தட்டலாம்.

அதுவரை யாராவது உங்களிடம் 96 மார்க் சுருட்டு என்று நீட்டினால், 'எந்த சப்ஜெக்ட்ல சார்?' என்று கேளுங்கள்.