மூக்கை நம்பி இறங்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி டேனரி ஆட்களுக்குச் சட்டையில் மாட்டும் வாயுமானி எதற்கு, ஆயுசு முழுக்கத் தோலோடு புழங்கியவருக்கு மூக்கே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமான அது கழிவுநீர்க் குழியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினாலோ மோப்பமே மரத்துவிடும். நாற்றம் இல்லை, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறார் ஒருவர். அவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுகிறார். எத்தனை வருஷ அனுபவமும் அங்கே துணைக்கு வராது.

உள்ளங்கையில் அடங்கும் வாயுமானி பொதுவாக 10 பங்கிலேயே அலறும், அதிரும். காலர் பக்கம், மூச்சு இழுக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். இடுப்புப் பையில் கிடந்தால் வீண்.

கருவி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்பாரையும் ஏற்க முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். எந்தக் கருவி அந்தச் சுவரைத் தாங்கியிருக்கும்? ஆள் இறங்காமல் பம்பு வைத்துக் கழிவை அள்ளுவதே முதல் வேலை. தவிர்க்கவே முடியாமல் இறங்கும் நாளில் காற்றோட்டம், மூச்சுக்கருவி, மேலே கயிறு பிடிக்க ஆள், கூடவே வாயுமானி. அதன் விலையைக் கூலியில் பிடிக்கக் கூடாது; சென்சார் காலாவதியாகும் முன் மாற்றும் செலவும் டேனரியுடையதே.