பின்விளக்கு யாருக்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மனிதனுக்குச் சொன்ன இம்மொழி மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். ஒருவன் எத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டினாலும், சாலையில் ஓடும் தன் வண்டியின் பின்விளக்கை அவன் ஒருமுறைகூடப் பார்க்கப் போவதில்லை. அப்படியென்றால் அந்த விளக்கு யாருக்காக எரிகிறது?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில்தான். பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு. நிற்பவை பெரும்பாலும் பைக்குகள். அவற்றுள் ஸ்போர்ட்ஸ் பைக்குகளைக் கவனியுங்கள். பலவற்றிற்கு வால் வெட்டப்பட்டிருக்கும். முதலில் போவது பின்பக்க மட்கார்டு. அதோடு நம்பர் பிளேட்டுக்கு ஒளி தரும் சிறு விளக்கும், சிவப்பு ரிஃப்ளெக்டரும் போய்விடும். நம்பர் பிளேட் இருக்கைக்கு அடியில் வானத்தைப் பார்த்து மடங்கிக் கிடக்கும். இண்டிகேட்டர் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கும். கடைசியில் டெயில் லைட்டின் மேல் ஒரு கறுப்பு ஸ்மோக் ஷீட்!

இதைச் செய்யும் நண்பர்களை ஏளனம் செய்ய நான் எழுதவில்லை. அழகை விரும்புவது குற்றமன்று. தவணையில் வாங்கிய பழைய வண்டியை ‘இது என் வண்டி’ என்று சொல்லிக்கொள்ள விரும்பும் உள்ளத்தை நான் அறிவேன். 1994-ல் இத்தாலியின் டுகாட்டி 916 வண்டியை வடிவமைத்த மாஸ்ஸிமோ தம்புரினி, புகைக்குழாய்களை இருக்கைக்கு அடியில் ஏற்றி, மெலிந்த வாலை உயர்த்தி வைத்தார். இன்றும் அது பேசப்படும் அழகு. 2008-ல் யமஹா ஆர்15 வந்தபின் தூக்கிய வால் நம் தெருக்களிலும் பழகிய காட்சியாயிற்று. அதில் பெரிய மட்கார்டு தொங்குவது கண்ணை உறுத்துகிறது என்றால், அந்த ரசனையோடு எனக்குச் சண்டை இல்லை.

‘பந்தய வண்டிக்கு மட்கார்டு இருக்கிறதா, இண்டிகேட்டர் இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். இல்லைதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. மாடு குறுக்கே போகாது. எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள். ஆனால் மோட்டோ ஜி.பி. பந்தயத்திலேயே மழை பெய்தால் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏற்றிய விளக்கை, விழுப்புரம் சாலையில் செல்லும் நாம் மறைப்பது எந்த வீரம்?

வகுப்பில் படித்ததைக் கொஞ்சம் சாலைக்குக் கொண்டுவருவோம். பல வண்டிகளில் உள்ள பின்பல்பு 21/5 வாட் வகை. சாதாரணமாக 5 வாட் இழை எரியும்; பிரேக் பிடித்தால் 21 வாட் இழை எரியும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம். அதைக் கண்டுதான் பின்னால் வருபவன் ‘முன்னவன் நிற்கிறான்’ என்று அறிகிறான். ஒளியில் கால் பங்கை மட்டும் வெளியே விடும் கறுப்பு ஷீட்டை ஒட்டினால் என்ன ஆகும்? நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவனுக்குத் தெளிவாகத் தெரியாது! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு நொடித் தயக்கம் போதாதா?

ரிஃப்ளெக்டரைப் பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் என்று எறிகிறோம். அதனுள் மூன்று முகங்கள் சந்திக்கும் நுண்ணிய மூலைகள் நிரம்பியுள்ளன. தன்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவந்த பிரதிபலிப்பானின் தத்துவமும் இதுவே. பேட்டரி இறந்து, பல்பு போய், வண்டி இருட்டில் நின்றாலும் வேலை செய்யும் ஒரே காவலன் அது.

புதுமை எல்லாம் தீது என்று நான் சொல்லவில்லை. இழை பல்பு முழுதாக ஒளிர ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், தரமான எல்.இ.டி. உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 3 மீட்டருக்கு மேற்பட்ட லாபம். எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டியதும் படபடவென்று துடிப்பது ஏன்? குறைந்த மின்னோட்டத்தைக் கண்ட பழைய ரிலே, பல்பு போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷர் ரிலேயை மாற்றினால் சரியாகும்.

என் தந்தை லாரி ஓட்டுநர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒளியியலை நான் வகுப்பில் படிக்கிறேன். அவர் சாலையில் படித்தவர். “ராத்திரியிலே முன்னாலே போறவன் முகமா தெரியும்? வால் சிவப்புதாம்ப்பா தெரியும். அது தெரியலேன்னா, ஆள் இருக்கிறதே தெரியாது” என்பார். எதிர் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்தக் கணத்தில் அவருக்கு வேறு துணை இல்லை. அன்று மாட்டுவண்டிக்காரர்கள் அச்சுக்கடியில் லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டதும் இதற்காகத்தான். விளக்கில்லாத பைக்கின் மேல் லாரி மோதினால் ஊர் கூடி யாரை அடிக்கும்? பெரிய வண்டிக்காரனைத்தான். ஒரு வீட்டில் பிணம், இன்னொரு வீட்டில் சிறை. இரண்டும் ஏழை வீடுகளாகவே இருக்கும்.

சட்டமும் உறங்கவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் அக்காவையும் அம்மாவையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதைச் சட்டமா சொல்ல வேண்டும்?

ஆகவே நண்பர்களே, பெட்ரோல் டாங்கிற்கு விரும்பிய வண்ணம் பூசுங்கள். இருக்கைக்குப் புதிய உறை தையுங்கள். அவை உங்கள் கண்ணுக்கு. பின்பக்கத்தில் கைவைக்கும் முன் மட்டும், பின்னால் வருபவனைக் கேளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு நண்பனைப் பிரேக் பிடிக்கச் சொல்லி, ஐம்பது அடி தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு பளிச்சென்று கூடுகிறதா? இடமா வலமா என்று புரிகிறதா? எண் படிக்க முடிகிறதா? நம் இயற்பியல் துறை ஆண்டுக்கு ஒரு மாலை சைக்கிள் ஸ்டாண்டில் இந்தச் சோதனையை நடத்தலாம் என்பது பேராசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். ஒளிமானி நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது.

வண்டி முழுதும் நம்முடையதாக இருக்கலாம். பின்விளக்கு மட்டும் பின்னால் வருபவனுடையது. அவனுடைய பொருளை மறைக்க நமக்கு உரிமை இல்லை.