சைலன்சரும் என்ஜினின் உறுப்பே

சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சாரார் மஸ்டா காரின் ரோட்டரி என்ஜினைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. அதிர்வு குறைவு, எடைக்கு மிஞ்சிய சக்தி. இந்த எளிமையின் சுமையெல்லாம் சைலன்சரின் தலையில் விழுகிறது. ரோட்டரின் முனை வெளியேற்றுத் துவாரத்தைக் கடந்த கணமே எரிந்த வாயு சட்டென்று பாய்ந்து வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில், இரண்டு ரோட்டர் கொண்ட 13பி என்ஜின் நொடிக்கு 200 முறை இப்படி அறைகிறது. வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடியது. ஆகவே ரோட்டரி விமானத்தில் சைலன்சரை என்ஜினோடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மாட்டும் துணைப்பொருளாக நினைத்தால் அது நிலைக்காது.

சைலன்சரைக் கெடுப்பது வெப்பம் மட்டுமல்ல. ஒரு மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 800 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நீள்கிறது. இரு முனையிலும் இறுகப் பற்றவைத்த உட்தகடு நீள இடமில்லாமல் வளைகிறது. அறையும் வாயு அதே இடத்தில் விரிசல் விட வைக்கிறது. உடைந்த தகடு வெளிவாயை அடைத்தால் பறக்கும்போதே சக்தி குறையும். உள்ளே திணித்த கண்ணாடி இழையும் இந்த வேகத்தில் வெகுநாள் தங்காது. எனவே தடித்த சுவர், ஒரு முனை நகர இடமுள்ள உட்பாகங்கள், சறுக்கும் இணைப்பு, சூட்டிலும் எளிதில் வலுக் குறையாத இன்கோனல் போன்ற உலோகம் ஆகியவை தேவை.

எடையும் செலவும் கூடுமே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் ஒரு கிலோவை மிச்சம்பிடித்து நடுவானில் உடையும் தகட்டைச் சுமப்பது சிக்கனமாகாது. வாயு வெளியேறத் தடை கூடினால் சக்தி குறையும் என்பதும் உண்மையே. கொள்ளளவு பெரிய அறை அந்தத் தடையைக் குறைக்கும். ஆகாயத்தில் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்பவர்கள், விமானம் ஏறி இறங்குவது குடியிருப்புகளுக்குப் பக்கத்தில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியா இந்த என்ஜின் வகையில் கைவைத்தது பொழுதுபோக்குக்காக அல்ல. பெங்களூரின் என்ஏஎல், ஏடிஇ, அகமதுநகரின் விஆர்டிஇ ஆகிய அரசு ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் ரோட்டரி என்ஜின், 2009-இல் கோலார் அருகே நிஷாந்த் ஆளில்லா விமானத்தைப் பறக்கவைத்தது. வேவு பார்க்கும் விமானத்துக்குச் சத்தமே முதல் எதிரி. அந்தச் சத்தத்தை அடக்கும் வேலைக்கு மலேசியாவிலும் இடமுண்டு. பைராம் என்ற தோட்டம் இருக்கும் நிபோங் திபால் ஊரிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வான்வெளிப் பொறியியல் பள்ளி இயங்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே சேரும்போது, புது என்ஜின் கனவோடு நின்றுவிடாமல், நூற்றுக்கணக்கான மணிநேரம் உடையாமல் ஓடும் ஒரு சைலன்சரையும் இறுதியாண்டு ஆய்வாக எடுக்கலாம். என்ஜினைப் பறக்கவைத்தவர்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதை நீண்டகாலம் பறக்கவைக்கும் வேலைதான் இன்னும் ஆளில்லாமல் கிடக்கிறது.