கண்ணாடி மாதிரி இருந்தால் போதுமா?

காலை நடையில் என்னோடு வருகிற நண்பர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"சார், பையன் 'செவன் சாமுராய்' 4கே வட்டு வாங்கி அனுப்பியிருக்கான். கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல. நீங்க இன்னும் அந்தப் பழைய டிவிடிகளைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, தூக்கிப் போடுங்க."

"எத்தனை நிமிஷம் ஓடுது?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யார் சார் பார்த்தா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் தணியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நண்பர் படித்தால் வருத்தப்படக் கூடாது. சண்டை அவரோடு அல்ல. "பளிச்சென்று இருந்தால் நல்ல பிரதி" என்கிற எண்ணத்தோடுதான் சண்டை. இப்போது கிட்டத்தட்ட எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பழைய ஜப்பானிய வாள்வீச்சுப் படங்களையும் ஜூடோ படங்களையும் நாற்பது வருடமாகத் தேடிப் பார்க்கிறவன் நான். முதலில் வீடியோ கேசட், பிறகு டிவிடி, பிறகு புளூ-ரே. ஒரே படத்தை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், வீட்டம்மாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். ஒரு வட்டைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. படம் முழு நீளம் இருக்கிறதா? முழு அகலம் இருக்கிறதா? அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் நான்காவது கேள்வி: பளிச்சென்று இருக்கிறதா? நாம் நான்காவதை முதலில் கேட்டு, மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோம்.

முதலில் நீளம். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 1954-ல் வந்த படம். நீளம் 207 நிமிடம். நடுவில் இடைவேளை அட்டையும் அதற்கென்று இசையும் உண்டு. வெளிநாடுகளுக்குப் போனபோது இவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள் என்று வெட்டினார்கள். அமெரிக்காவில் ஓடியது கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் குறைந்த படம். கிராமத்து விவசாயிகள் பயந்து நடுங்குவதும், வேலை இல்லாத சாமுராய்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்ப்பதும் மெதுவாக நடந்தால்தான் கடைசி மழைச் சண்டையில் விழுகிற ஒவ்வொருவருக்காகவும் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்பாதியைச் சுருக்கினால் சண்டை மட்டும்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அட்டையில் 199 நிமிடம் என்று பார்த்தவுடன் வெட்டிவிட்டான் என்று கத்தாதீர்கள். நானும் ஒரு தடவை கத்தியிருக்கிறேன். சினிமா விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் இருந்த பழைய பால் முறை டிவிடியில் அதை 25 ஆக ஓட்டுவார்கள். 207 நிமிடம் 199 ஆகிவிடும், ஒரு காட்சியும் போயிருக்காது. ஆனால் எல்லாரும் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். தோஷிரோ மிஃபூனேயின் கரகரத்த குரலில் அரை சுருதி ஏறினாலும் எனக்குப் பொறுக்காது.

அடுத்தது அகலம். 'யோஜிம்போ' 1961-ல் வந்தது. டோஹோ நிறுவனத்தின் அகலத்திரைப் படம், ஒளிப்பதிவு கசுவோ மியாகாவா. ஊரில் இரண்டு ரவுடிக் கூட்டம். நம் ஆள் இரண்டையும் மோதவிட்டு, நடுவில் உள்ள கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். தெருவின் இந்தக் கோடியில் ஒரு கூட்டம், அந்தக் கோடியில் ஒரு கூட்டம். இரண்டும் முன்னால் வரும், பயந்து பின்னால் போகும். அந்தச் சிரிப்பு முழுக்க அகலத்தில்தான் இருக்கிறது. பழைய சதுர டிவிக்காக இந்த மாதிரிப் படங்களை இரண்டு பக்கமும் நறுக்கித்தான் கேசட் போட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், படத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடும். இரண்டு பக்கமும் இருந்த கூட்டத்தைக் காணோம், நடுவில் வெறும் தெரு. அந்தப் பிரதியை எத்தனை சுத்தம் செய்து என்ன பிரயோஜனம்?

மூன்றாவது பேச்சு. இதில் நானே ஏமாந்தவன். 1980-களின் நடுவில் ஒரு வீடியோ கடையில் 'ஷோகன் அசாஸின்' கேசட் வாடகைக்கு எடுத்து வந்தேன். கைக்குழந்தையை மரத்தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வாள்வீரன் கதை. அந்தக் குழந்தையே ஆங்கிலத்தில் கதை சொல்லும். அசந்துபோனேன். அது ஒரு படமே அல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கசுவோ கோய்கே எழுதி, கோசெகி கோஜிமா வரைந்த சித்திரக்கதையை வைத்து 1972 முதல் 1974 வரை ஆறு படங்கள் வந்தன. முதல் இரண்டையும் இயக்கியவர் கென்ஜி மிசுமி, நாயகன் டொமிசபுரோ வாகாயாமா. முதல் படத்தில் இருந்து சில நிமிடங்களும் இரண்டாவதில் இருந்து பெரும்பகுதியும் எடுத்து ஒட்டி, புது இசை போட்டு, ஆங்கில டப்பிங் செய்து 1980-ல் அமெரிக்காவில் விட்டதுதான் நான் பார்த்தது. மூலப்படத்தில் அந்தக் குழந்தை கதை சொல்வதே இல்லை. பெரும்பாலும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், அந்தப் பார்வைதான் நம்மை உலுக்கும். யாக்யூ குடும்பத்தின் சூழ்ச்சி என்கிற சிக்கலான கதையையும், கெட்ட ஷோகன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

2016-ல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் ஆறு படங்களையும் புளூ-ரேயில் சேர்த்து வெளியிட்டபோது, 'ஷோகன் அசாஸின்' படத்தையும் கூடவே இணைப்பாகக் கொடுத்தது. இதைத்தான் நேர்மை என்பேன். ஒட்டுப்போட்ட படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் எது மூலம், எது ஒட்டு என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது அந்தப் பளபளப்புக்கு வருகிறேன். ஃபிலிமில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாக ஏதோ துள்ளிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். கிரெய்ன் என்பார்கள். அது அழுக்கு அல்ல. படமே அந்தப் பொடியால் ஆனதுதான். அதைக் கம்ப்யூட்டரில் அளவுக்கு மீறித் துடைத்தால் முகத்தின் சுருக்கம், துணியின் நெசவு எல்லாம் சேர்ந்தே போய்விடும். நடிகர்கள் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுவார்கள். மழைத் தாரைக்கும் பிரதியில் விழுந்த கீறலுக்கும் வித்தியாசம் தெரியாத மென்பொருள் மழையையும் சேர்த்துத் துடைக்கும். ஆளே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துச் செய்தால்தான் வேலை ஒழுங்காக வரும். 'செவன் சாமுராய்' எழுபதாம் ஆண்டான 2024-ல் வந்த 4கே புதுப்பிப்பை நான் குறை சொல்லவே இல்லை. கோடும் கீறலும் போகட்டும். அவை குரோசாவா போட்டவை அல்ல. அவர் போட்டது போகக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, பழைய டிவிடியை ஏன் தூக்கிப் போடக் கூடாது? இதற்கு ஒரே ஒரு படத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். குரோசாவாவின் முதல் படம் 'சான்ஷிரோ சுகாதா', 1943. முரட்டு இளைஞன் ஒருவன் ஜூடோ கற்று மனிதனாகிற கதை. குருவிடம் திட்டு வாங்கி, தாமரைக் குளத்தில் ராத்திரி முழுக்கக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், விடியும்போது பூ மலர்வதைப் பார்ப்பான். அந்தப் படம் வெளியானபோது 97 நிமிடம். மறுவருடம் திரும்ப வெளியிட்டபோது, போர்க்கால அரசுக் கொள்கை என்று இயக்குநரைக் கேட்காமலே வெட்டிவிட்டார்கள். 1952-ல் மறுபடி வந்தபோது, வெட்டியது கிடைக்கவில்லை என்று அறிவிப்புப் போட்டுத்தான் ஓட்டினார்கள். மிஞ்சியது 79 நிமிடம்.

பிற்பாடு ரஷ்யக் காப்பகத்தில் சில பகுதிகள் கிடைத்தன. அவை டோஹோ ஜப்பானில் வெளியிட்ட டிவிடியில் சேர்ந்தன. அமெரிக்காவில் 2010-ல் வந்த குரோசாவா ஆரம்பகாலப் படங்களின் தொகுப்பில் இருப்பது அந்த 79 நிமிடம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று நண்பரைக் கேட்டால் என்ன சொல்வார்? மீட்ட பகுதிகள் கீறலோடும் மங்கலாகவும் இருந்தால்தான் என்ன, 1943-ல் ஜப்பானியர்கள் பார்த்த படத்துக்கு அதுதான் கிட்டே வருகிறது. "கோடு இருக்கு, தூக்கிப் போடு" என்று அந்தக் காப்பகத்தில் யாராவது ஒருவர் நினைத்திருந்தால் அதுவும் இல்லை.

இதற்கு நடுவில் மண்டலக் குறியீடு என்று ஒரு தொல்லை. புளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, நாம் சி. பையன் ஆசையாக அனுப்பிய அமெரிக்க வட்டு நம் பெட்டியில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓட்டுகிற பெட்டி வாங்கும்வரை நானும் அட்டைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 4கே வட்டில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை, நண்பர் அதிர்ஷ்டக்காரர். ஜப்பானிய வட்டு வாங்கினால் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. முழுப்படம் ஒரு நாட்டில், சப்டைட்டில் இன்னொரு நாட்டில், பெட்டி மூன்றாவது நாட்டில். இதற்கு நடுவில் மூன்று நான்கு மாத பென்ஷன் கரைந்துவிடும்.

ஆகவே என் வயதொத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் புது வட்டு வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அலமாரியைக் காலி செய்யும் முன் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து நிமிடத்தை ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் 25-க்கு 24 என்று கணக்குப் போடுங்கள். பக்கவாட்டில் நறுக்கியிருக்கிறதா, ஜப்பானிய ஒலி இருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் கூடுதலாக ஒரு காட்சி இருந்தால்கூட, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நண்பர் தானாகவே வந்து சொன்னார்: "சார், பார்த்துட்டேன். 207 இருக்கு." நல்லது என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பார்க்கப் போகிறோம். இடைவேளை அட்டை வரும்போது ஓட்டக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.