டப்பாவைப் பார்த்து மயங்காதே மச்சி!

காரைக்குடி ரோடெல்லாம் ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரை மாதிரி இருந்தா இந்த வாரம் எழுத மேட்டரே இல்லை பாஸ். குழியும் வேகத்தடையும் இருக்கிற வரைக்கும் "பின் ஷாக்கை மாத்தலாமா?" என்பது நம்ம பசங்ககிட்ட ஓயாத பட்டிமன்றம்.

மாத்தலாம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு இன்ச் டேப் எடுங்க. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, ஆக்சிலில் இருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் வண்டியை இறக்கி நீங்க உட்கார்ந்துக்கிட்டு, ஃப்ரெண்டை விட்டு அதே அளவை எடுக்கச் சொல்லுங்க. குறைஞ்சிருக்கிற தூரம்தான் இறக்கம். 2018-ல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-க்குப் பின்சக்கரம் மேலும் கீழும் போற தூரம் மொத்தமே 88 மி.மீ. அதில் 25-30 மி.மீ. இறங்கினா ஓகே. நாற்பதைத் தாண்டினா மிச்ச இடம் குழிக்குப் பத்தாது. டங்!

உடனே பர்ஸைத் திறக்காதீங்க. ஸ்பிரிங்கைத் தாங்கி நிக்கிற படி வெட்டின வளையத்தை ரெண்டு பக்கமும் ஒரே அளவா ஏத்திப் பாருங்க. இதுக்குச் செலவே இல்லை. இதில் ஸ்பிரிங் 'ஹார்டு' ஆகுதுன்னு மெக்கானிக் அண்ணன்களே சொல்வாங்க. ஆகாது, வண்டியோட உயரம்தான் ஏறும். கடைசிப் படி வரை ஏத்தியும் இறங்குதுன்னா உங்க வெயிட்டுக்கு அந்த ஸ்பிரிங் பத்தலைன்னு அர்த்தம். 55 கிலோ ஆள் தனியா போறதும், பின்னாடி 70 கிலோ நண்பனை ஏத்திக்கிட்டு பிள்ளையார்பட்டி போறதும் ஒண்ணா? கடையில் ரெண்டு வெயிட்டையும் சொல்லிக் கேளுங்க.

குழி தாண்டின பிறகும் வண்டி ரெண்டு மூணு தடவை குதிரை மாதிரி ஆடினா விஷயம் வேற. உள்ளே ஆயில் வேலை செய்யலை. நிஜமான டேஞ்சர் இதுதான். ஆடுற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. மேடு பள்ளத்தில் பிரேக் அடிச்சா நிக்கிற தூரம் கூடும், திருப்பத்தில் வண்டி வெளியே இழுக்கும். ஆயில் ஒழுகுற ஷாக்கோட தேவகோட்டை ரோட்டில் எண்பதில் பறக்காதீங்க, ப்ளீஸ்.

பஜாஜ் பல்சரில் 'நைட்ராக்ஸ்' வந்ததிலிருந்து பசங்களுக்கு டப்பா மேல ஒரு லவ்வு. அதுக்குள்ளே அழுத்தத்தில் இருக்கிற நைட்ரஜன், ஆயில் சூடாகி நுரை கட்டாம பார்த்துக்கும். நுரை கட்டின ஆயில் ஆட்டத்தை அடக்காதே! ஸ்வீடன் ஓலின்ஸ், தாய்லாந்து ஒய்.எஸ்.எஸ். மாதிரி கம்பெனிகளில் டப்பாவுக்கு வேலை உண்டு. மலிவுச் சரக்கு சிலதில் அது வெறும் மேக்கப்.

நீளத்தையும் பாருங்க. மேல் ஓட்டை நடுவிலிருந்து கீழ் ஓட்டை நடு வரை கம்பெனி ஷாக் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கணும். சும்மா 'கெத்து'க்காக நீளமா போட்டா பின்பக்கம் தூக்கும், ஹேண்டில் வெடுக்குனு திரும்பும், செயின் டென்ஷன் மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி ரொம்பச் சாயும். எப்பவும் ஜோடியாவே மாத்துங்க. கழட்டின பழைய ஜோடி நல்லா இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. வண்டியை விக்கும்போது அதையே மாட்டிக் கொடுத்துட்டு, புதுசைத் தனியா வித்துக்கலாம்.