காவல் போனது, கோட்டை சரிந்தது!
30 புள்ளிகளைத் தின்ற முழங்கால் காயம்
லிவர்பூல் அணி தத்தளித்த கதை

கால்பந்து ஆட்டத்தில் கோல் போடுகிறவனுக்குத்தான் மாலை, மரியாதை எல்லாம். பின்னால் நின்று தடுக்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. அவன் காலில் அடிபட்டு வெளியே போன பிறகுதான், "ஐயோ, அவன் இல்லையே!" என்று தலையில் கை வைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு 2020-21 பருவத்தில் இதுதான் நடந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் 99 புள்ளி எடுத்து லீக் பட்டத்தைத் தட்டிச் சென்ற அணி, 69 புள்ளியோடு மூன்றாவது இடத்துக்கு இறங்கியது.

அடுத்தடுத்து 3 பேர்

2020 அக்டோபர் 17. பக்கத்து எதிரியான எவர்ட்டனின் மைதானம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் எவர்ட்டன் கோல் கீப்பர் பிக்போர்டு பாய்ந்து வந்து மோதியதில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஏழரைக் கோடி பவுன் கொடுத்து வாங்கிய தடுப்பாட்டக்காரர் அவர். அந்தப் பருவம் முழுக்க அவர் திரும்பவே இல்லை.

நவம்பரில் அவருடைய ஜோடி ஜோ கோமெஸ், இங்கிலாந்து அணியின் பயிற்சியில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்த மேட்டிப்புக்கு 2021 ஜனவரி 28-ந்தேதி டாட்டன்ஹாம் ஆட்டத்தில் கணுக்காலில் அடி. அதோடு மூன்று பேரும் காலி!

"மூன்று பேர்தானா இருந்தார்கள்?" என்று கேட்கலாம். ஆமாம், அதுதான் வினை. நான்காவது ஆளான லோவ்ரனை 2020 கோடையில் ரஷ்ய அணிக்கு விற்றுவிட்டார்கள். பதிலுக்கு அனுபவமுள்ள யாரையும் வாங்கவில்லை. காயம் வந்தது தலைவிதி என்றால், மாற்று ஆள் இல்லாதது நிர்வாகத்தின் கணக்குப் பிசகு.

செங்கல்லை உருவிய கதை

பயிற்சியாளர் கிளாப் என்ன செய்தார்? நடுக்களத்தில் ஆடிய பாபின்யோவையும் கேப்டன் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்து நிறுத்தினார். கூரையை அடைக்க, சுவரிலிருந்து செங்கல்லை உருவிய கதைதான்! பின்னால் ஓட்டை அடைபட்டது. நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது.

லிவர்பூலின் பாணியே தனி. பின்கள வீரர்கள் மைதானத்தின் பாதி வரை ஏறி நிற்பார்கள். எதிரியை அவன் எல்லைக்குள்ளேயே அமுக்குவார்கள். பந்து தலைக்கு மேல் போனாலும் ஓடிப்பிடிக்க வான் டைக் இருக்கிறார் என்ற தைரியம். அந்த தைரியம் போனதும் எல்லோரும் நாலடி பின்னால் தள்ளி நின்றார்கள். முன்களத்துக்கும் பின்களத்துக்கும் இடைவெளி கூடியது. ஓரமாக ஏறிப்போய் பந்து தூக்கிக் கொடுக்கும் ராபர்ட்சனும் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் முன்போல் துணிந்து போக முடியவில்லை.

கணக்கு சொல்லும் உண்மை

இப்போது எண்களைப் பாருங்கள். பட்டம் வென்ற பருவத்தில் வாங்கிய கோல் 33. காயப் பருவத்தில் 42. கூடியது 9 மட்டுமே. ஆனால் அடித்த கோல் 85-லிருந்து 68-ஆக விழுந்தது. குறைந்தது 17! அடி விழுந்தது பின்களத்தில். வலி எடுத்ததோ முன்களத்தில்.

68 லீக் ஆட்டங்களாக சொந்த மண்ணில் தோற்காத அணி, 2021 ஜனவரி 21-ந்தேதி பர்ன்லியிடம் விழுந்தது. பிறகு பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, புல்ஹாம் என்று வரிசையாக 6 தோல்வி. இந்த ஆறிலும் சேர்த்து அடித்த கோல் ஒன்றே ஒன்று. அதுவும் சாலாவின் பெனால்டி!

அவசரமாக ஜெர்மனியிலிருந்து கபாக்கை இரவலாகக் கொண்டுவந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவரும் கோல் கீப்பர் அலிசனும் மோதிக்கொள்ள, லெஸ்டர் வீரர் வார்டி காலி கோலுக்குள் பந்தைத் தள்ளினார். ஆள் கெட்டிக்காரனாக இருக்கலாம். "நீ போ, நான் நிற்கிறேன்" என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் பழக்கம் ஒரு வாரத்தில் வருமா?

கைகொடுத்த பையன்கள்

மார்ச்சில் கிளாப் மனதை மாற்றினார். பாபின்யோ நடுக்களத்துக்குத் திரும்பினார். பின்களத்தைப் பிலிப்ஸ் போன்ற இளைஞர்களிடம் விட்டார். கடைசி 5 ஆட்டங்களில் பிலிப்சும் ரைஸ் வில்லியம்சும்தான் ஜோடி. வில்லியம்ஸ் முந்தின வருஷம் ஆறாம் தட்டு லீக்கில் ஆடிய பையன்! ஐந்திலும் வெற்றி. மே 16-ந்தேதி கடைசி நேரத்தில் அலிசனே முன்னால் ஓடிப்போய் தலையால் முட்டி கோல் போட்டு வெஸ்ட் பிராமை வீழ்த்தினார். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இடம் தப்பியது.

வான் டைக் திரும்பிய 2021-22-ல் வாங்கிய கோல் வெறும் 26. புள்ளி 92.

இது லிவர்பூல் கதை மட்டுமல்ல. 2023 மார்ச்சில் ஆர்சனலின் சலிபா காயமடைந்தார். ஏப்ரலில் மூன்று டிரா, அப்புறம் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 என்று உதை. கையில் இருந்த பட்டம் 5 புள்ளியில் பறிபோனது.

பெரிய ஆளை வாங்கினால் மட்டும் போதாது. அவர் இல்லாத நாளுக்கும் ஆள் வேண்டும். மாற்று ஆள் பின்களத்தில் பழகியவனாக இருக்கட்டும், சின்னப் பையனானாலும் பரவாயில்லை. நடுக்களத்தைக் கலைத்தால் வீடே ஆடிப்போகும்!