ரத்தப் பரிசோதனை யாருக்காக?

மும்பை மருத்துவமனைகளில் ஆயாவாகவும் வார்டு பாயாகவும் துப்புரவுப் பணியாளராகவும் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் நம் மக்கள் பலர். வேலையில் சேரும்போதே ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி. இருக்கிறதா, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, சி இருக்கிறதா என்று பார்க்கின்றன சில நிர்வாகங்கள். இருந்துவிட்டால், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்கிறார் காண்ட்ராக்டர். கேட்டால், நோயாளிகளின் பாதுகாப்பாம்!

தோழர்களே, யாரால் யாருக்கு ஆபத்து? இவை தொட்டால் ஒட்டும் நோய்கள் அல்ல. ஒரே குவளையில் தேநீர் குடித்தாலும் பரவா. நோயாளியின் வயிற்றுக்குள் கைவிட்டு அறுவை செய்யும் டாக்டருக்குச் சோதனை என்றால் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். தரை துடைக்கும் அம்மாவின் ரத்தம் எந்த நோயாளியின் உடம்பில் போய்ச் சேரும்? குப்பைப் பையில் எறிந்த ஊசி அவர் விரலில் அல்லவா ஏறுகிறது! எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியானால் தொற்றும் வாய்ப்பு 1000-இல் 3. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 100-இல் 30 வரை. அந்தத் தடுப்பூசியோ மூன்றே தவணை. கழிவைக் கையாளும் அனைவருக்கும் அதைப் போடுவதும், ஆண்டுதோறும் உடல்நலம் பார்ப்பதும் மருத்துவமனையின் கடமை என்கின்றன 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள். ரத்தம் எடுக்க மட்டும் மறக்காத நிர்வாகம் இதை மறந்ததெப்படி?

வேலை தர எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1997-இல், எச்.ஐ.வி. இருந்த ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில், வேலை செய்யும் உடல்தகுதி உள்ளவரை ஒதுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2017 சட்டம் எச்.ஐ.வி.யை மட்டுமே பேசுகிறது. ஹெபடைடிஸ் உள்ளவருக்கும் அதே காப்பு வேண்டும் என்பதைச் சங்கங்கள் கோரிக்கையாக வைக்கவேண்டும்.

ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணிக்கு மேல் பயனில்லை. 28 நாள் சாப்பிடவேண்டும். அதைக் கொடுக்கவேண்டியது நிர்வாகம். அதே சட்டம் சொல்கிறது. "ஷிப்டு முடியட்டும்" என்று சூப்பர்வைசர் சொன்னால் கேட்காதீர்கள். தேதி, நேரம், வார்டு எல்லாம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.